ஒரு வருஷத்து நெட்

நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா செத்த பிறகு முதல்முறையாகத் திருப்பதிக்குப் போய்விட்டு, புத்தூர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில், ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய ஒரு பெரியவர் மனைவி தோளில் சாய்ந்து கண்மூடியிருந்தார். பக்கத்தில் மகள் போனில் விசாரித்தாள்.

“சார், வீட்டுக்கு நெட்டு ஒரே ஒரு மாசத்துக்குத் தருவீங்களா?”

அம்மா அவள் கையைப் பிடித்தாள். “ஏண்டி ஒரு மாசம்? வருசத்துக்கே போடு.”

மகள் போனைப் பொத்திக்கொண்டாள். “டாக்டர் சொன்னத நீயும் கேட்டுக்கினுதானே இருந்த? குவைத்துல அண்ணனுக்கு லீவு குடுக்கல. அவன் நைனா மொகத்த வீடியோல பாக்கத்தானே இந்த நெட்டு?”

“மெதுவா பேசு. தூங்கறாரு.”

“தூங்கல,” என்றார் பெரியவர். “வருசத்துக்கே போடும்மா. நான் போனப்பறம் ஒங்கம்மா ஒண்டியா ஒக்காந்துகினு இருப்பா. அவன் மொகத்த இவ பாக்க வேணாமா?”