பூச்சி கடித்த கீரை

எனக்குக் கீரை அவ்வளவாகப் பிடிக்காது. அன்று நான் சாப்பிடாததை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா.

பகலில் தொண்டு நிறுவனத்தில் வேலை. மாலைக் கல்லூரியில் சமூகப்பணிப் படிப்பு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலி மனையில் செல்வம்மாளும் துர்காவும் எங்கள் மேற்பார்வையில் முளைக்கீரை போட்டு, மேடவாக்கம் அடுக்குமாடிகளில் விற்றார்கள். வறுமை ஒழிப்புத் திட்டம். மிஞ்சிய கட்டுதான் அவர்களுக்கு இரவுக் குழம்பு. வறுமை அந்த அளவுக்கு ஒழிந்திருந்தது.

நிதி தருகிறவர்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் தோட்டமும் போகும், என் வேலையும் போகும். புழு அரித்த இலை படத்துக்கு ஆகாது. எனவே புதுப் பாத்திகளுக்கு, பெண்கள் இருவரும் இல்லாத நேரம் பார்த்து, பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அடித்தேன். விருந்தினர்கள் வந்த அன்று விடியற்காலையிலும் அடித்தேன். என் கை அளவில் எனக்கு எப்போதுமே சந்தேகம். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கலந்தேன். ‘இயற்கை வேளாண்மை’ பலகையில் தெறிக்காமல் துணி போட்டு மூடினேன்.

விருந்தினர்கள் மகிழ்ந்தார்கள். பெண்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிடுவதைப் படம் பிடிக்க விரும்பினார்கள். செல்வம்மாள் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், ஒரு ஓட்டை கூடக் காணோம்? மருந்து கிருந்து அடிச்சியா?”

“வேப்பெண்ணெய்தான் அக்கா.”

“பூச்சியே துன்னாதத நாங்க இன்னாத்துக்குத் துன்னணும்?”

“பூச்சிக்குக் கீற அறிவு நமக்கு இல்லியாக்கா?” என்று துர்கா சிரித்தாள்.

சுவரோரப் பாத்தியில் பூச்சி இருக்கிறது, பறித்து வருகிறேன் என்றேன். வரவேற்புக்கு ஏற்றிய குத்துவிளக்கருகில் இருந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய், அதே மருந்தடித்த கீரையை இலை இலையாகச் சுட்டு ஓட்டை போட்டேன். பெரிதும் சிறிதுமாக. பூச்சி அளந்து கடிப்பதில்லை.

செல்வம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது கீர” என்றார்.

காரம் அதிகம், உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று விருந்தினர்களிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர்கள் இளநீர் குடித்தார்கள். செல்வம்மாளும் துர்காவும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சாப்பிட்டார்கள்.

மருத்துவமனையில் டாக்டர், “என்ன மருந்தும்மா? பேரைச் சொன்னா போதும், காப்பாத்திடலாம்” என்றார். பாட்டில் என் கைப்பையில் இருந்தது. “இயற்கை வேளாண்மை, சார்” என்றேன்.

செல்வம்மாள் அன்று மாலையே இறந்தார். துர்கா மறுநாள்.

பெயரைச் சொல்லியிருந்தால் தோட்டத்தை மூடியிருப்பார்கள், ஐயா. அப்புறம் அந்த இரண்டு பேரும் வருமானத்துக்கு எங்கே போவார்கள்?