பாஷாவுக்கு நல்ல தண்ணீர்

உப்புத் தண்ணீர் மீன்தொட்டி வைத்திருப்பவன் ஊருக்குக் கிளம்பும்போது செய்கிற முதல் தப்பு, ஊற்றுவதற்கென்று உப்புத் தண்ணீரையே கரைத்து வைத்துவிட்டுப் போவதுதான். சூட்டில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போகாது, தொட்டியிலேயே சொகுசாக உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் இன்னும் உப்பை ஊற்றினால் மீன் ஊறுகாயாகிவிடும். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போயிருக்கிறது. விசாரணையில் நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், கேப்டன். ஆனால் விஷயம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நான் இலியாஸ். மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெய்ரூத்தில் மூன்றாம் மாடியில் நானும் என் மனைவி ஹலாவும். எங்கள் தலைக்கு மேலே நான்காம் மாடியில் மர்செல் அத்தை. சொந்த அத்தை இல்லை. கட்டடமே அவரை அத்தை என்றுதான் கூப்பிடும். இந்தக் கோடையில் சைப்ரஸ் போகலாம் என்று ஹலா பிடிவாதமாக நின்றாள்.

"மீனா நானான்னு இன்னிக்கே முடிவு பண்ணுங்க. ஊர்ல எல்லார் பொண்டாட்டியும் கடல்ல குளிக்கிறா. நான் உங்க தொட்டிக்குப் பாசி சுரண்டிட்டு இருக்கேன்."

நியாயமான பேச்சு. டிக்கெட் வாங்கினேன். அன்றே தொட்டி வேலையையும் ஆரம்பித்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் புது மீன் எதுவும் சேர்க்கக் கூடாது. வடிகட்டியைக் கழுவ வேண்டும். தீனி போடும் சின்ன இயந்திரத்தை முன்கூட்டியே மாட்டி, சரியாகப் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். பசியால் செத்த மீனைவிட, மிச்சத் தீனி அழுகிச் செத்த மீன்தான் அதிகம். நீர்மட்டம் குறைந்தால் தானாக நல்ல தண்ணீர் விடும் வாளியும் வைத்தேன். வெளியூரில் இருந்தே கைபேசியில் பார்க்க எதிர்ச் சுவரில் ஒரு கேமரா. பாஷா என்ற நீல மீன் அதைக் கண்டதும் ராஜா மாதிரி முன்னால் வந்து நின்றது. அதற்கு அவ்வளவு அறிவு.

மிச்சம் இருந்தது மின்சாரம் ஒன்றுதான். எங்கள் ஊரில் அரசாங்க மின்சாரம் தூரத்துச் சொந்தம் மாதிரி, எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. மற்ற நேரமெல்லாம் தெருமுனையில் அபு ரிமோனின் ஜெனரேட்டர்தான். அவரிடம் ஆளுக்கு இத்தனை ஆம்பியர் என்று சந்தா. அளவு மீறினால் கீழே மின்பெட்டியில் உங்கள் சுவிட்ச் தானாக விழுந்துவிடும். யாராவது இறங்கிப்போய்த் தூக்கிவிடும்வரை வீடு இருட்டுதான்.

அத்தைக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்தபோது, புதிதாகக் கொடுக்க அபு ரிமோனிடம் ஆம்பியர் மிச்சம் இல்லை. அத்தை ஒரு தட்டு திராட்சை இலைச் சுருளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இலியாஸு, உன் லைன்ல இருந்து ஒரே ஒரு ஒயர் விடுறியா கண்ணு? மூச்சுக்குத்தான்."

நான்தான் ஒயர் இழுத்தேன். என் கையால். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் என் சில்லர் கொஞ்சம் வேகமாக ஓடினால், அத்தையின் இயந்திரமும் சேர்ந்து பாரம் கூடி சுவிட்ச் விழும். அத்தை கம்பால் தரையில் தட்டுவார், டொக் டொக் என்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போய்த் தூக்கிவிடுவேன். திரும்பி ஏறும்போது மேலிருந்து சத்தம் வரும்: "நீதான்டா என்னைப் புதைக்கணும்!" எங்கள் பெரியவர்கள் பாசம் பொங்கினால் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆகஸ்ட் மாதம். தொட்டிக்கு சில்லர் ஓட வேண்டும், அறைக்கு ஏ.சி. ஓட வேண்டும். சுவிட்ச் விழாமல் இருக்காது. தூக்கிவிட நான் இல்லை. அத்தையால் படி இறங்க முடியாது. கட்டடத்தில் மற்றவர்கள் எல்லாம் வெயிலுக்கு மலைக் கிராமங்களுக்கு ஏறிவிட்டார்கள். சுவிட்ச் ஒரு தடவை விழுந்தால் தொட்டி தப்பாது, பவளம், இறால், பாஷா எல்லாம் போய்விடும். பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அதனால் கிளம்புகிற அன்று அத்தையின் ஒயரைக் கழற்றினேன். முனையில் டேப் சுற்றினேன், ஷாக் அடிக்கக் கூடாதல்லவா. அபு ரிமோன் பிறகு அதைப் பார்த்துவிட்டு, "எலக்ட்ரீஷியன் கூட இவ்வளவு அழகா சுத்த மாட்டான்" என்றாராம். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

மீனை வேறு யாருடைய தொட்டிக்காவது மாற்றியிருக்கலாமே என்றீர்கள். இடம் மாற்றினால் மீன் மிரண்டுபோகும், கேப்டன். அத்தையை எங்கேயாவது சேர்த்திருக்கலாமே என்றீர்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

விடைபெற மேலே போனேன். அரசாங்க மின்சாரம் இருந்ததால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை காபி போட்டு வைத்திருந்தார். மூலையில் அவசரத்துக்கென்று ஆக்சிஜன் சிலிண்டர் நின்றது. அதை நிரப்பிக்கொண்டு வருவது எப்போதும் நான்தான். உறையைத் தூக்கிப் பார்த்தேன். முள் சிவப்பில் படுத்திருந்தது, சிலிண்டர் காலி. உறையைப் போட்டு மூடினேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

"மீனைப் பத்திக் கவலைப்படாத. சுவிட்ச் விழுந்தா தட்டுறேன்," என்று அத்தை தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார், இருமல் வரும்வரை. "சைப்ரஸ்ல போய் யாரு தட்டுறதக் கேக்கப் போற நீ!"

ஒயரைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் கவலைப்படுவார். மூச்சு நோய்க்காரர்களுக்குக் கவலை ஆகாது என்பது மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா?

சைப்ரஸ் அருமையான இடம். கடற்கரையில் குடைக்குக் கீழே படுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். போன மறுநாளே மின்நிலையத்தில் எண்ணெய் தீர்ந்து, நாடு முழுக்க அரசாங்க மின்சாரம் நின்றுபோனதைக் கைபேசிச் செய்தியில் படித்தபோதுகூட, நல்ல வேளை ஒயரைக் கழற்றினோம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெனரேட்டர் முழுக்கத் தொட்டிக்கே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியம்தான் கைபேசியில் அந்தச் சத்தம். கேமராவில் ஒலியும் வரும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். டொக் டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக் டொக்.

ஹலா தர்பூசணியை வாயருகே பிடித்தபடி திரும்பினாள். "என்னங்க அது? அத்தை கம்புச் சத்தம் மாதிரி இல்ல?"

"பம்புல காத்து மாட்டிக்கிச்சு."

"அபு ரிமோனுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"பம்புக்கு அவரு என்ன பண்ணுவாரு, ஹலா? போய்க் குளி போ."

அவள் உங்களிடம் சொன்னது எல்லாம் சரி. ஒரு வார்த்தை கூட்டவில்லை. போன் போட்டிருந்தால் அபு ரிமோன் ஓடிப்போய் ஒயரை மாட்டியிருப்பார். பிறகு சுவிட்ச் விழுந்திருக்கும். அத்தை ஏன் வேறு யாருக்கும் போன் போடவில்லை என்று நீங்கள் கேட்டதும்தான் எனக்கே உறைத்தது: மகன் கனடாவிலிருந்து அனுப்பிய கைபேசி வைஃபையில் மட்டும்தான் பேசும். வைஃபை பெட்டியும் அதே ஒயரில்தான் இருந்தது.

தட்டல் நிற்கவில்லை. அதில் எனக்குத் தாங்க முடியாமல் போனது ஒன்றுதான். ஒவ்வொரு தட்டலுக்கும் மீன்கள் மிரண்டன. பாஷா பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு வரவே மாட்டேன் என்றது. நீல நிறம் வெளுத்துப்போனது. இங்கே ஒலியை அணைத்தால் அங்கே தட்டல் நிற்காது என்று தெரியும். ஆனாலும் அணைத்தேன். பிறகு படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் பாஷா மெல்லத் தலையை நீட்டியது, பழையபடி முன்னால் வந்து நின்றது. அப்போதே மேலே எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மீன்தான் சொன்னது.

திரும்பி வந்ததும் ஹலா வாங்கி வந்த மிட்டாயோடு நேராக மேலே போய்க் கதவைத் தட்டினாள். அபு ரிமோன் வந்துதான் உடைத்தார். அத்தை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் கிடந்தார், எங்கள் தொட்டிக்கு நேர் மேலே, கையில் கம்போடு. அடக்கத்தில் முன்பக்கம் தோள் கொடுத்தது நான்தான். அத்தை ஆசைப்பட்டபடியே.

ஆம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள், கேப்டன். ஹலா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வாளியில் தண்ணீர் தீர்ந்திருக்கும். யாரையாவது அனுப்புங்கள், நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். கேட்க நாதியில்லாமல் ஒரு உயிரைத் தவிக்க விட எனக்கு மனசு வராது.