அப்பா போய்ச் சேந்துட்டாரு

ஹலோ... ஹலோ, அண்ணே?... நான்தான். சின்னவன்... ஆமா, வீட்லேருந்துதான். கேக்குதா?... என்னது?... அந்த மெஷின விட்டுக் கொஞ்சம் தள்ளி வாயேன். ஒண்ணும் கேக்கல... இன்னும் கொஞ்சம்... ஆமா. ஆமா. இப்பக் கேக்குது.

அண்ணே, அப்பா போயிட்டாரு.

... இல்லண்ணே, அக்கா வீட்டுக்கு இல்ல... கடைக்கும் இல்ல. எங்கயும் போகல. வீட்லதான் இருக்காரு... ரெண்டும்தான்ணே. இருக்காரு. ஆனா போயிட்டாரு.

... கோவப்படாத. நீ நம்ப மாட்டேன்னு தெரியும். அதான் எழுதல, போன் பண்றேன். இந்த மாதிரி விசயத்த இனிமே எழுத மாட்டேன்னு உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்ல?... ஆமா, அந்த மெசேஜ்தான். மறக்குமா அது? கோட லீவு ஆரம்பம். அப்பா அக்கா வீட்டுக்குப் போறாருன்னு உனக்கும் சொல்லியிருந்தேன். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். வந்துட்டாருன்னு அக்கா சொன்னா. உனக்கும் தெரியட்டுமேன்னு நானே எழுத்துக் கூட்டி எழுதுனேன், ‘அப்பா போய்ச் சேந்துட்டாரு’ன்னு. இதுல என்னண்ணே தப்பு? போனாரு. சேந்தாரு... சரி. சரி. ‘பத்திரமா’ன்னு ஒரு வார்த்த முன்னாடி போட்டிருக்கணும். ஒத்துக்கிறேன். அந்த வார்த்த எனக்கு எழுத வரல. அதான் விட்டுட்டேன்.

... அத விடு. இப்ப நெஜமாத்தான் சொல்றேன். டாக்டர் பாத்துட்டாரு... ஆமா, படிச்ச டாக்டர்தான். கழுத்துல குழாய் மாட்டிக்கிட்டு வந்தாரு. மார்ல வச்சுக் கேட்டாரு. எடம் மாத்தி வச்சுக் கேட்டாரு. அப்புறம் நான் காத வச்சுக் கேட்டேன். எனக்கும் ஒண்ணும் கேக்கல.

... காலையிலதான். டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த நாற்காலியில... ஆமா, கடலுக்குத் தூக்கிட்டுப் போனோமே, அந்த பிளாஸ்டிக் நாற்காலியேதான். சக்கர பத்தலன்னாரு. என் வீட்டுக்காரி டப்பாவ எடுக்க உள்ள போனா. வர்றதுக்குள்ள... ஆமா... இல்ல, டம்ளர் கீழ விழல. கையிலயே புடிச்சுக்கிட்டு இருந்தாரு. சொட்டு சிந்தல... வலியெல்லாம் இருந்த மாதிரி தெரியலண்ணே. மூஞ்சி சக்கரைக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மூஞ்சிதான். இப்பவும் அப்படித்தான் இருக்கு.

... ஹலோ? அண்ணே? இருக்கியா?... சரி, சரி. நிக்காத. உக்காரு. அட்டப்பெட்டி கம்பெனியில உக்கார ஒரு பெட்டி இல்லாமலா போச்சு?... வெறும் பெட்டியா? அப்ப வேணாம், உள்ள போயிடுவ. தரையில உக்காரு.

நாளைக்கு மத்தியானம் அடக்கம்னு பேசி வச்சிருக்கு. உனக்காகத்தான் தள்ளி வச்சோம். நீ இப்பவே கெளம்பு... ஏன்?... என்ன லீவு இல்ல? பெத்த அப்பன் சாவுக்கு லீவு குடுக்காத கம்பெனி எங்க... ஆங்... ஆமா. ஆமால்ல. அந்த மெசேஜுக்கே அத எடுத்துட்டல்ல.

... அப்ப கம்பெனிய பொறுத்த வரைக்கும் அப்பா எப்பவோ செத்துட்டாரு.

... நீ அப்பவே போயி சொல்லியிருக்கணும்ணே, அப்பா நல்லா இருக்காரு, தகவல்தான் தப்புன்னு... வெக்கமாத்தான் இருந்திருக்கும், இல்லங்கல. கம்பெனியில எல்லாரும் சேந்து மலர் வளையம் வேற வாங்கிக் குடுத்துட்டாங்க. அத வண்டிச் சக்கரம் மாதிரி தோள்ல மாட்டிக்கிட்டு, அண்ணியையும் புள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு, நீ அக்கா வீட்டுக் கதவத் தட்டுன. தெறந்தது யாரு? அவரேதான். வளையத்தப் பாத்தாரு, உன்னப் பாத்தாரு, ‘யாருக்குடா?’ன்னாரு... ஆமா, அக்கா சொன்னா. நீ வாசப்படியிலயே உக்காந்து அழுதியாம். அவரு ‘சரி சரி, சாப்பிட்டியா?’ன்னாராம்.

... நீ என்னத் திட்டு, பரவால்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருண்ணே. நான் அன்னிக்கு ‘பத்திரமா’ன்னு ஒழுங்கா எழுதியிருந்தா நீ வந்திருப்பியா?... இல்ல, சும்மா கேட்டேன்... வந்திருக்க மாட்டேல்ல? எத்தன வருசமா ‘அடுத்த லீவுக்கு வர்றேன், அடுத்த லீவுக்கு வர்றேன்’னு சொல்லிக்கிட்டு இருந்த?... குத்திக் காட்டல. நான் மட்டும் என்ன, பக்கத்துலயே இருந்து எங்க கூட்டிட்டுப் போனேன்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான்.

அந்த ரிப்பன் ஞாபகம் இருக்கா? வளையத்துல கட்டியிருந்துச்சே, தங்க எழுத்துல... அவரு வளையத்தோட வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நான்தான் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டுனேன். ‘அமைதியாக இளைப்பாறுங்கள்.’ இன்னொரு தடவ படிடான்னாரு. படிச்சேன். அப்புறம், ‘எங்கிட்ட இப்படி யாரும் சொன்னதே இல்லடா’ன்னாரு. காலம் பூரா மூட்ட தூக்குன ஆளு. எறக்கு, ஏத்து, சீக்கிரம் வா. இதத் தவிர யாரு என்ன சொன்னா அவருக்கு? அதுக்கு அப்புறம்தான் ‘எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கடா’ன்னு ஆரம்பிச்சாரு. நீயும் ஞாயித்துக்கிழமையானா வர ஆரம்பிச்ச.

... ஆமா, மிருகக்காட்சி சாலைக்குத்தான் மொதல்ல. சிங்கம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. ஊரே கையத் தட்டி எழுப்புது. இவரு, ‘விடுங்கடா, அது இளைப்பாறுது’ன்னாரு... ஆமா, அந்த வார்த்தையப் புடிச்சாருல்ல, அப்புறம் விடவே இல்ல. குழாய்ல தண்ணி வரலன்னா குழாய் இளைப்பாறுது. நான் வேலைக்குப் போகலன்னா... ஆமா, அதையும் சொன்னாரு. அதுல கொஞ்சம் நக்கல் இருந்துச்சு.

கடல்ல?... நீ ஒரு கை புடிச்ச, நான் ஒரு கை புடிச்சேன். எந்திரிக்க மாட்டேன்னுட்டாரே. நாற்காலி மண்ணுல எறங்கிக்கிட்டே போவுது. ‘நான் சும்மாதான்டா உக்காந்திருக்கேன், பூமிதான் எறங்குது’ன்னாரு. இப்பவும் அந்த நாற்காலிக் காலுல மண்ணு இருக்கு. கழுவவே வுடல.

... பொறந்த நாளா? அது உன் பொண்ணு வேல. தாத்தாவுக்குப் பொறந்த நாளே தெரியாதுன்னதும் அதுவே ஒரு நாளக் குறிச்சிருச்சு. வயசும் தெரியல. கேக்குல ஒரே ஒரு மெழுகுவத்தி. அவரு ஊதி அணைச்சுட்டு, ‘ஒரு வயசுக்கு எனக்குப் பல்லு ரொம்பத்தான் கொட்டிப் போச்சு’ன்னாரு... சிரி. பரவால்ல, சிரி. நானும் காலையில அத நெனச்சேன்.

சரி, லீவுக்கு என்ன பண்ணப் போற?... அம்மாவா? அம்மா செத்தப்ப எடுத்துட்டியேண்ணே. அது நெஜமாவே செத்தது... சித்தப்பாவா? நமக்கு ஏது சித்தப்பா?... மாமனாருன்னு சொல்லேன். அண்ணியோட அப்பா. அவரு மேல உனக்கு எப்பவும் ஒரு... என்னது?... ஆமால்ல. உங்க கம்பெனி கேட்டுல வாட்ச்மேனே அவருதான்ல. அப்ப சரிப்படாது. நீ போவும்போது அவருதான் கேட்டத் தெறக்கணும்.

... அப்படிச் சொல்லாத. வரலன்னு மட்டும் சொல்லாத... சம்பளம் போனா போவுது, வேல போயிடும்னுதான பயப்படுற? புரியுது. ஆனா அண்ணே, நீ வரலன்னா... யாரு?... சூப்பர்வைசரா? பின்னாடியேவா நிக்கிறாரு?... எவ்வளவு நேரமா?... சிங்கத்துலேருந்தா?

... ஏன், எங்கிட்ட ஏன் குடுக்குற? நான் அவருகிட்ட என்ன பேசுறது... அண்ணே... அண்ணே...

ஹலோ. வணக்கம் சார்... தம்பி சார். கூடப் பொறந்த தம்பி... ஆமா சார், வீட்ல ஒரு சாவு... அப்பா சார்... ஆமா சார். அதே அப்பாதான் சார். எங்களுக்கு ஒரு அப்பாதான்.

... இல்ல சார், அவரு பொய் சொல்லல. அவருக்கு வந்த தகவல் அப்படி. எழுதுனது நான். எழுதப் படிக்க இப்பத்தான் சார் கத்துக்கிட்டேன்... டைல்ஸ் ஒட்டுற வேல சார். பெட்டி மேல எழுதியிருக்கறதப் படிக்கத் தெரியாம செவுத்துல ஒட்ட வேண்டியதப் போயி ஒரு குளியலறை தரையில ஒட்டிட்டேன். வீட்டுக்காரம்மா வழுக்கி வுழுந்துட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் சார் ராத்திரிப் பள்ளிக்கூடம் போனேன்... இப்ப நல்லா இருக்காங்க சார். கொஞ்சம் சாஞ்சு நடக்கிறாங்க.

... ஆமா சார், வந்து பாத்ததும் சொல்லியிருக்கணும். தப்புதான். ஆனா சார், தோள்ல உங்க வளையத்தோட வந்து நிக்கிறாரு, உயிரோட அப்பா கதவத் தெறக்கிறாரு. எந்த மனுசனுக்கு சார் மூள வேல செய்யும்?... நன்றி சார்.

... வளையமா? நல்லா இருந்துச்சு சார். அப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுது... இல்ல சார், கிண்டல் பண்ணல. சாவுற வரைக்கும் தலமாட்டுல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருந்தாரு. பூவு காஞ்சிடுச்சு. கம்பியும் ரிப்பனும் அப்படியே இருக்கு... அந்த வாசகம் நீங்க எழுதுனதா சார்?... கடக்காரர் கேட்டதும் வாயில வந்ததச் சொன்னீங்களா? நல்லா வந்திருக்கு சார். அதப் படிச்சுக் காட்டுனதுக்கு அப்புறம்தான் அவரு வெளியவே கெளம்புனாரு... ஆமா சார். கடல அப்பத்தான் மொத மொதலாப் பாத்தாரு.

... சார்? இருக்கீங்களா?... சரி சார்.

... ரொம்ப நன்றி சார்... இல்ல சார், இனிமே வராது. இதுக்கு மேல அவருக்குச் சாவு கெடையாது. நான் உறுதியாச் சொல்றேன். இதுதான் கடைசி... சரி சார். வணக்கம்.

... அண்ணே?... என்ன, குடுத்துட்டாரா?... போன இல்ல, லீவக் கேக்கறேன்... நான் ஒண்ணும் பெருசாப் பேசல. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். நல்ல மனுசனாத்தான் தெரியிறாரு. நீதான் அவரப் பத்தி என்னென்னமோ... கேக்குமா? சரி, சொல்லல.

... என்னது, மறுபடி வளையமா? வேணாம்னு சொல்லிடுண்ணே. அப்பா முன்னாடியே சொல்லிட்டாரு. ஒரு நாளு கட்டில்ல படுத்துக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பூவெல்லாம் கொட்டுது, தூக்கிப் போட்டுடவான்னேன். ‘பெரியவன் எனக்குன்னு கொண்டாந்தது, அவன் கையாலதான் என் மேல வைக்கணும். காஞ்சா என்ன, நான் மட்டும் பச்சையாவா இருக்கப் போறேன்?’ன்னாரு. நான் இன்னும் அத ஆணியிலேருந்து கழட்டல. நீதான் வந்து கழட்டணும்.

... எப்ப?... போன ஞாயித்துக்கிழமையா? நீ பஸ் ஏறுனப்பவா?... இல்லண்ணே, நீ ஒழுங்காத்தான் கையாட்டுன. நான் பாத்தேனே. அவருதான் பாக்கல. அவரு அந்தப் பக்கம் நின்ன பஸ்ஸுக்குக் கையாட்டிக்கிட்டு இருந்தாரு. கண்ணு தெரியலல்ல? உன் பஸ்ஸு போயிருச்சு, இவரு இன்னும் ஆட்டிக்கிட்டே இருக்காரு. அந்த பஸ்ல இருந்தவங்களும் பாவம், எல்லாரும் திருப்பி ஆட்டுனாங்க. ‘பெரியவன் இன்னிக்கு ரொம்ப நேரம் ஆட்டுனான்டா’ன்னாரு. நானும் ஆமான்னுட்டேன்... இல்ல, குறையே இல்ல அவருக்கு. உனக்குத்தான் இருந்திருக்கு. அவருக்கு இல்ல.

வீட்டுக்கு வந்தும் விடல. பெரியவன் போய்ச் சேந்துட்டானா, போய்ச் சேந்துட்டானான்னு நச்சரிப்பு. அதே வார்த்த. ‘அப்படிச் சொல்லாதப்பா’ன்னேன். ‘நீ எழுதலாம், நான் சொல்லக் கூடாதா?’ன்னாரு. அப்புறம் உன் மெசேஜ் வந்துச்சு. நான்தான் படிச்சேன். ‘பத்திரமா வந்து சேந்துட்டேன்.’ திரும்பப் படிடான்னாரு. படிச்சேன். ‘ம். அவனுக்கு எழுத வருது’ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

... அதுக்கு அப்புறமா? அதுக்கு அப்புறம் பெருசா எதுவும் பேசலண்ணே. சக்கர பத்தலன்னாரு. அதுதான் கடைசி.

சரி, நேரமாவுது. கெளம்பு. அண்ணிக்கும் புள்ளைங்களுக்கும் நீயே நேர்ல சொல்லிடு. பஸ் ஏறுனதும் எழுது. போன் பண்ணாத, இங்க ஆளுங்க வர்றதும் போறதுமா இருக்கும், கேக்காது. எழுது. படிச்சிருவேன்... மெதுவாத்தான். ஆனா படிச்சிருவேன்.

... அண்ணே, அது என்ன சத்தம்?... மெஷினா? மெஷின விட்டுத்தான் தள்ளி வந்துட்டியே... சரி. சரி. மெஷின்தான்.

... இங்கயா? இங்க ஒண்ணும்... மிக்ஸிண்ணே. பக்கத்து வீட்டு மிக்ஸி... ஆமா, சாவு வீட்டுக்குப் பக்கத்துலதான் அரைக்கிறாங்க. என்ன பண்ணச் சொல்ற? நானும் காலையிலேருந்து நிறுத்தப் பாக்கறேன். நிக்க மாட்டேங்குது.

வச்சிர்றேன்ணே. நீ வா.