சொந்த ஊரில் ரூம் போட்டவன்

— சொந்த ஊர்ல ரூம் போட்டுத் தங்குறவன இன்னைக்குத்தான் மச்சான் பாக்குறேன். அதுவும் ஓட்டலாக்குன பழைய கோட்டையில! புவனகிரியில கூடப் பொறந்த அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கா, நீ கடலூர்ல வந்து காலாட்டிகிட்டுப் படுத்திருக்க.

— மொதல்ல உக்காருங்க மாமா. வேர்த்து ஊத்துது. தண்ணி குடிங்க.

— தண்ணி கெடக்கட்டும். பவானியும் புள்ளையும் எங்க?

— சிதம்பரம் கோயிலுக்குப் போயிருக்காங்க.

— நல்லாருக்கு. சிதம்பரம் வரைக்கும் போன மகராசிக்குப் புவனகிரி எம்மாந் தூரம்? நாத்தனா வூட்ட எட்டிப் பாக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் வேண்டுதலா?

— அவ மேல தப்பு இல்ல மாமா. நான்தான் வேணாம்னேன். அக்கா மொகத்துல முழிக்கவே பயமா இருக்கு. நேத்துலருந்து ஃபோன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கிறா.

— எப்பிடி எடுப்பா எளவரசு? தோஹாவுலருந்து தம்பி வந்துட்டான்னு, பவானி போட்ட ஸ்டேட்டஸப் பாத்துதான் அவளுக்கே தெரியுது. அந்தக் கட்டில் படத்தப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தா. அதோட சரி, ஒரு வார்த்த பேசல.

— திட்டவே இல்லியா?

— திட்டுனாதான் பரவால்லியே. இன்னைக்குக் காலையில அடுப்பே பத்த வெக்கல, என்னாங்கற?

— அடுப்பு பத்த வெக்கலியா! அதான் கைய வீசிகிட்டு வந்தீங்களா? நீங்க உள்ள நொழையறப்பவே தூக்குச்சட்டி எங்கன்னுதான் பாத்தேன். எறா தொக்கு இல்லாம அக்கா உங்கள எங்கயும் அனுப்புனதே இல்லியே மாமா.

— எறா தொக்காம்ல! எனக்கே டீக்கடையில பன்னுதான்.

— அவ்ளோ கோவமா?

— ஆமா, இந்தக் கட்டில் என்னா மச்சான் இம்மாம் ஒசரம்? ஏறுறதுக்கு முக்காலி வேற போட்டிருக்கான்.

— வெள்ளைக்காரன் காலத்துக் கட்டில் மாமா. யாரோ ஒரு தொர படுத்துகிட்டு இருந்தானாம்.

— தொர ஏறிடுவான். முட்டி வலிக்காரங்க எப்பிடி ஏறுவாங்க?

— கிண்டல் பண்ணாதீங்க மாமா. ஏற்கெனவே நொந்து போயிருக்கேன்.

— அட போப்பா, தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். வெந்நி வருதா? கக்கூஸு குந்துறதா, சேர் மாதிரி இருக்கிறதா?

— வெந்நி கொழாயிலயே வரும். கக்கூஸு சேர் மாதிரிதான்.

— சோறு?

— மணி அடிச்சா ரூமுக்கே கொண்டாந்துருவாங்க.

— ரூமுக்கேவா... பக்கத்து ரூம்ல ஆள் இருக்கா?

— காலிதான். யாருக்கும் கேக்காது, நீங்க சத்தம் போட்டே திட்டுங்க.

— உன்னத் திட்டி எனக்கு என்னா ஆவப் போவுது? நல்ல காத்து வருது மச்சான் இங்க. கடல் தெரியுது பாரு.

— அந்தக் காலத்துல இங்க கோட்ட வாங்குனவன் பீரங்கியால சுட்டு, குண்டு போயி விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரையெல்லாம் எடுத்துகிட்டானாமே மாமா? நேத்து கைடு சொன்னாரு.

— சரி கெட. உங்க அக்கா புவனகிரியில மொகத்தத் தூக்கி வெச்சா, நீ கடலூர்ல நடுங்குற. எந்தப் பீரங்கி அம்மாந் தூரம் சுடும்?

— உங்க ஃபோன் அடிக்குது. அக்காவா?

— அடிக்கட்டும்.

— குடுங்க மாமா, நான் பேசிக்கிறேன். கால்ல விழறேன்னு சொல்றேன்.

— கைய எடு. நீ மொதல்ல காரணத்தச் சொல்லு. பவானிக்குக் கோட்டையில தங்கணும்னு ஆச, அது இதுன்னு எங்கிட்ட கத வுடாத.

— ஆசதான், பொய் இல்ல. ஆனா அது பாதிதான் மாமா. போன வருஷம் நாங்க தோஹாவுக்குக் கெளம்புனதும் அக்காவ சிதம்பரத்துல ஆசுபத்திரியில சேத்தீங்கள்ல? எங்கிட்ட மூச்சு வுடல.

— யாரு சொன்னா?

— உங்க பொண்ணு இளமதிதான். மாமன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவா? அப்பறம் யோசிச்சிப் பாத்தேன். நான் வந்தா அக்கா தூங்குறதே இல்ல மாமா. கட்டில எங்களுக்குக் குடுத்துட்டு, அடுப்படியில முந்தானைய விரிச்சிப் படுத்துக்குறா. எவ்ளோ சீக்கிரம் கண்ண முழிச்சாலும் காபி டம்ளரோட எதுக்க நிக்கிறா. மத்தியானம் எறா, ராத்திரி இடியாப்பம், நடுவுல முறுக்கு சுத்துறா. உக்காருக்கான்னா உக்கார மாட்டா. எனக்கு லீவு. அவளுக்கு ஏது லீவு?

— இத அவகிட்டயே சொல்லித் தொலையறதுக்கு என்னா?

— சொன்னா, உனக்குச் செய்யிறது எனக்கு பாரமாடான்னு அழுவா. அம்மா போனதுக்கப்பறம் எனக்கு அம்மா வூடுன்னா அதுதான் மாமா. அங்கயும் பேச்சு வார்த்த இல்லன்னா நான் லீவு போட்டு எந்த ஊருக்கு வர்றது? அவ பேசலன்னா என்னால தாங்க முடியாது. இருங்க, இப்பவே ரூம காலி பண்ணிட்டு உங்க கூட வந்துர்றேன்.

— பொட்டிய வெய்யி. காலி கீலி பண்ணி வெச்சன்னா, காரியமே கெட்டுச்சி.

— என்னா மாமா சொல்றீங்க?

— நீ இங்க தங்குனதுக்காவ அவ கோவிச்சிகிட்டான்னு யாரு சொன்னது? நான் சொன்னனா?

— பின்ன எதுக்குக் கோவம்?

— அவள வுட்டுட்டு வந்துட்டியாம். வண்டியில ஏறுனப்பறம்தான் வாயவே தொறந்தா. குடிகாட்டுல கல்யாணம்னாலும் சேத்தியாத்தோப்புல சாவுன்னாலும் போற எடத்துல எல்லாம் கரண்டிதான் புடிச்சேன், எனக்கும் சேத்து ஒரு ரூம் போடணும்னு எந்தம்பிக்குத் தோணலியேன்னா. சொல்லிட்டு ஒரே அழுவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி மச்சான். கட்டுனவன் எனக்கும் இத்தன வருஷமாத் தோணலியே.

— வண்டியிலயா? அக்கா இப்ப எங்க மாமா?

— கீழ கேட் பக்கத்துல, கார்ல. துணிப் பொட்டிய மடியில வெச்சிகிட்டு உக்காந்திருக்கா. நான் பாத்துட்டு சரின்னு சொன்னாதான் எறங்குவாளாம். கட்டிலு, வெந்நி, கக்கூஸு எல்லாம் அவ கேக்கச் சொன்னது. நான் மறந்துருவேன்னுதான் ஃபோன் மேல ஃபோன்.

— ஐயோ, இந்த வெயில்லயா! மொதல்லயே சொல்லக் கூடாதா? பக்கத்து ரூமயே எடுத்துர்றேன். நீங்களும் தங்குறீங்கல்ல?

— நானா? நீ வூட்டுக்குப் போ, நீ இருந்தா உனக்கு நான் தண்ணி மோந்து குடுக்கணும்னுட்டா. எனக்கு ராத்திரிக்கும் பன்னுதான்.

— லோகாக்கா! அக்கா! இங்க, மேல பாரு! எறங்கு! மெதுவா, படி ஒசரமா இருக்கும். இரு, நான் கீழ வர்றேன்!

— நீ ஒண்ணும் வர வேணாம், நானே ஏறிக்கிறேன். ஏண்டா தம்பி, காலையில காபி படுக்கைக்கே வருதுன்னு பவானி போட்டிருந்தாளே, நெசமாவாடா?