பதினாலாம் நம்பர் அறையின் பருவத் தேர்வு

குற்றாலத்தில் சீசன் முடிந்த பிறகு லாட்ஜில் பெரிய வேலை தலையணை காயப்போடுவதுதான். மூன்று மாதம் ஈரத் தலையோடு படுத்தவர்களின் எண்ணெய் அதில் ஊறியிருக்கும். அக்டோபர் முதல் வாரம் மொட்டை மாடியில் நான் அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் ரத்தினம் சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் அவரைத் தேடிப் போகவில்லை. இதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர் சார்.

நான் அங்கே இரவுக் காவல். முதலாளி சேக் மைதீன் துபாயில் இருக்கிறார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் லாட்ஜைத் திறப்பார். மற்ற மாதங்களில் கட்டடத்துக்குள் நான் மட்டும்தான். அன்று காலையில் அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஏலே மணிமுத்து, நம்ம ரத்தினம் சார் பத்து நாள் தங்கி புக்கு எழுதப் போறாரு. அமைதி வேணுமாம். ஒரு பய உள்ள போவக் கூடாது, பாத்துக்க." அந்த உத்தரவை நான் கடைசிவரை மீறவில்லை.

ரத்தினம் சார் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி, மே மாதம் ஓய்வு பெற்றவர். எழுத வந்த புத்தகம் ஆங்கிலத் தாளுக்கான கைடு. நம் கல்லூரிகளில் என்ன பாடம் எடுத்தாலும் ஆங்கிலமும் தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் இல்லை. நான் படித்தது இயற்பியல். அதில் எல்லாத் தாளும் தேறினேன். ஆங்கிலத்தில் இரண்டாம் பருவத் தாள் மட்டும் நின்றுவிட்டது. ஆறு முறை எழுதினேன். ஆறு முறையும் அதைத் திருத்தியவர் அவர்தான். பிறகு விட்டுவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அவர் கேட்டார்.

"தம்பி என்ன படிச்சிருக்க?"

"பிஎஸ்சி பிசிக்ஸ் சார். உங்ககிட்டதான் இங்கிலீஷ் படிச்சேன்."

"அப்படியா. முடிச்சிட்டியா?"

"இல்ல சார். உங்க பேப்பர் ஒண்ணு நிக்கு."

சிரித்தார். "அதான் வேலை கெடச்சிட்டுல்லா. பொறவு என்னத்துக்கு அது?"

கேள்வியில் தப்பில்லை. அதற்கு என்ன பதில் என்று இரவு முழுக்க யோசித்தேன். என் வேலையில் யோசிக்க நேரம் நிறைய உண்டு. விடிந்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. இத்தனை வருடத்தில் கல்லூரித் தேர்வு விதிகளை அவர் மற்றவர்கள்மேல் போட்டிருக்கிறாரே தவிர, தான் அதற்குள் ஒரு பருவம்கூட இருந்து பார்த்ததில்லை. காபி கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பூட்டும்போது எனக்குக் கோபம் இல்லை.

அவருடைய பெட்டியிலேயே இருந்த கல்லூரிக் கையேட்டைக் காபி கொடுக்கும்போதே எடுத்து வந்திருந்தேன். அதில் தேர்வு விதிகள் இருந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வராந்தா ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். தொண்ணூறு வேலை நாள். அதில் முக்கால் பங்காவது வருகை. இரண்டு உள்தேர்வு, ஒரு கட்டுரை, ஒரு செமினார், முடிவில் மூன்று மணி நேரத் தேர்வு. நூற்றுக்கு நாற்பது வாங்கினால் தேர்ச்சி. தேறியதும் கதவு திறக்கும். கடைசி வரியைத் தவிர இதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை.

முதல் இரண்டு நாள் கதவை உடைக்கப் பார்த்தார். அந்த இரண்டு நாளும் வருகை இல்லை என்று குறித்தேன். மூன்றாம் நாள் காலை ஜன்னலில் நின்று பெயர் கூப்பிட்டபோது, கட்டிலில் உட்கார்ந்தபடி, "ப்ரெசென்ட்" என்றார். அதன்பின் சிக்கல் இல்லை. ஞாயிறும் தீபாவளியும் விடுமுறை கொடுத்தேன். விடுமுறையென்றால் வகுப்புக்குத்தான் விடுமுறை, பூட்டுக்கு இல்லை.

போனையும் அன்று காபி கொடுக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டேன். தேர்வு அறைக்குள் போன் கூடாது. அவர் மனைவி முத்துலட்சுமி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வாரம் ஒருமுறை அவருக்கு நானே செய்தி அனுப்பினேன், ஆங்கிலத்தில். புத்தகம் இன்னும் முடியவில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. முதலாளி கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அந்த அம்மா பிழை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று பதில் வந்தது. என் ஆங்கிலத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வர ஆரம்பித்தன. ஒருநாள் கீழே ஒரு வண்டி நின்றபோது அவர் தெரு ஜன்னலில் ஏறி நின்று, "சாமி, காப்பாத்துங்க சாமி" என்று கத்தினார். கீழே இருந்த நாற்பது பேரும் நிமிர்ந்து பார்த்து, "சரணம் ஐயப்பா" என்றார்கள். அவர் மறுபடி கத்தினார். அவர்கள் மறுபடி சரணம் சொன்னார்கள். வண்டி கிளம்பும்வரை இது நடந்தது. ஒழுங்கீனம்தான். ஆனால் எச்சரித்து விட்டுவிட்டேன்.

சாப்பாடு கொடுத்தது மூக்கம்மாள். ஐந்தருவி ரோட்டில் சின்னதாகக் கடை வைத்திருக்கிற அக்கா. தூக்குச்சட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வேன். அவளை மேலே விட்டதில்லை.

"பதினாலுல யாருலே, இவ்வளவு நாளா கெடக்காரு?" என்று ஒருமுறை கேட்டாள்.

"படிக்காரு அக்கா. பரீட்சைக்கு."

"எத்தன வயசு?"

"அறுவது."

"வெளங்கிரும். பாஸாயி கலெக்டருக்கா போவப் போறாரு?"

இந்த அக்காவை வைத்துத்தான் அவர் பெரிய தவறு செய்தார். அறுபத்தொன்றாம் நாள் மத்தியானம் அவள் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"ஏலே, உங்க சாரு சட்டிக்குள்ள என்னத்தையோ வச்சிருக்காரு. இங்கிலீசுல கெடக்கு. சாம்பாருல உப்பு கொறைவுன்னு எழுதிருக்காரோ?"

"ஆமாக்கா."

"அதத் தமிழ்ல எழுதுனா வெரலு தேஞ்சிருமாக்கும்?"

அது உங்கள் பதவிக்கு எழுதிய கடிதம், சார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருந்தது. தன்னை ஓர் அறையில் பூட்டி வைத்திருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதாக எழுதி, தங்கள் உண்மையுள்ள என்று முடித்திருந்தார். 'காப்பாத்து' என்று தமிழில் ஒரு சொல் எழுதியிருந்தால் மூக்கம்மாள் படித்திருப்பாள். அவள் எட்டாம் வகுப்பு. ஆனால் முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை அப்படித்தான் போகும். கடிதத்துக்குப் பத்துக்கு எட்டு போட்டேன். தேதி எழுதாததற்கு இரண்டு குறைத்தேன். அன்று என்ன தேதி என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லைதான். ஆனால் அதற்கு விதியில் இடமில்லை.

துண்டுக் காகிதம் கைமாறினால் கையேட்டில் என்ன தண்டனை என்று அவருக்கே தெரியும். அந்தப் பருவம் முழுக்க ரத்து. ஜன்னலில் நின்று அதைப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலை மறுபடி முதல் நாள் என்று குறித்தேன். "ப்ரெசென்ட்" என்றார்.

தை மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வைத்தியரை மேலே விட முடியாதென்பதால் மருத்துவச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆறு நாளும் வராத கணக்கில் போயின. எனக்கும் வருத்தம்தான்.

மாசியில் உள்தேர்வு. பாடத்தில் ஒரு வெள்ளைக்காரர் அருவி முன்னால் நிற்கிற கவிதை உண்டு. அருவி அந்தக் கவிஞருக்கு எதை உணர்த்துகிறது என்று எல்லா வருடமும் கேட்பார்கள். விடைக்குறிப்பில் அமைதி, தனிமை, இறைவன் என்று மூன்று குறிப்பு. அந்தக் குறிப்பைத் தயாரித்தவர் ரத்தினம் சார். நான் அந்தக் காலத்தில், அருவியில் காது அடைத்துப்போகும், பக்கத்திலிருப்பவன் முழங்கை இடிக்கும், போலீஸ் விசில் ஊதும், தனிமைக்கு வழியே இல்லை என்று எழுதியிருந்தேன். பூஜ்யம் வந்தது. இப்போது அவர் எழுதினார்: அருவி அமைதியாக இருந்ததில்லை, அது இரைகிற வரைக்கும் ஒரு மனிதன் கத்துவது யாருக்கும் கேட்காது. நல்ல விடை. நான் இரண்டு முறை படித்தேன். விடைக்குறிப்பில் இல்லாததால் பூஜ்யம் போட்டேன்.

"நீ எழுதினது சரிதான் மணிமுத்து," என்றார் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நான் படிச்சுப் பாக்காம போட்டுட்டேன். மொத்தமா கட்டு கட்டா வரும். என்னய விட்ரு."

"மறுமதிப்பீட்டுக்குப் பதினஞ்சு நாள்தான் டைம், சார்," என்றேன். அதுவும் கையேட்டில் இருக்கிறது.

போன திங்கட்கிழமை விடைத்தாள் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தேன். சட்டி எடுக்க வந்த மூக்கம்மாள் என்னைக் காணாமல் மேலே ஏறி, வெளியே பூட்டும் உள்ளே ஆளுமாகப் பார்த்திருக்கிறாள். மறுநாள் உங்களைக் கூட்டி வந்தாள். அப்போது இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நான் வராந்தாவில் ஸ்டூலில் இருந்தேன், ஓடவில்லை. கண்காணிப்பாளர் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

உங்கள் காவலர் பூட்டை உடைத்ததும் ரத்தினம் சார் சொன்னதை நீங்களே காதால் கேட்டீர்கள். தலையை நிமிர்த்தாமல், "இன்னும் அரை மணி நேரம் இருக்கு, வெளிய நில்லுங்க," என்றார். காவலர் பேனாவைப் பிடுங்கப் போனதும் விடைத்தாள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"ஏ பாவி, ஒரு மனுசன என்னலே பண்ணி வச்சிருக்க?" என்று மூக்கம்மாள் என் சட்டையைப் பிடித்தாள். அவள் கல்லூரிப் படி ஏறியவள் இல்லை. நீங்கள் ஏறியிருப்பீர்கள். அடைத்து வைக்கப்பட்ட ஆள் அப்படியா பேசுவார்? அது படிப்பில் அக்கறை வந்த மாணவனின் பேச்சு.

ஆம், ஆறு மாதம் அவரைப் பூட்டி வைத்தது நான்தான். மறைக்க எதுவும் இல்லை. பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். யாரிடமும் எனக்குப் பகை கிடையாது. ஒரு ஆளைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவன் இல்லை நான். வரிவரியாகப் படித்துத்தான் போடுவேன்.

அந்த இறுதித் தேர்வின் விடைத்தாள் உங்கள் மேசையில் சீல் வைத்துக் கிடக்கிறது. அதைத் தர முடியாது என்கிறீர்கள், சரி. நான் இன்னும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது என்று எழுதிக்கொள்ளுங்கள்.