மீட்டர் சிவக்கும் வாக்கியம்

— போச்சு. மறுபடியும் சிவப்பு.

— நான் என்னதான் மாப்ளே பண்ணட்டும்? மெல்லப் பேசினா மீட்டர் அசையலங்கறீங்க, வாயைத் திறந்தா சிவப்புங்கறீங்க. காலமெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேல கத்திப் பழகின தொண்டை இது.

— உங்க தொண்டையைச் சொல்லலக்கா. இந்தப் பொட்டிதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. இருங்க, மைக்கைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன். இப்ப தாள்ல இருக்கற வரியைப் படிங்க.

— ஜன்னலைச் சாத்து.

— அட, பச்சை ரெண்டு கட்டம்கூட ஏறல. இப்ப?

— ஜன்னலைச் சாத்து. யப்பா! காது கிழியுது மாப்ளே!

— ஆனா மீட்டர் அப்படியே கிடக்குதே... அடச்சே. நான் திருகினது ஹெட்போன் குமிழு.

— அதுக்கும் இதுக்கும் என்ன?

— உங்க காதுல எவ்ளோ கேக்குதுங்கறது வேற, கம்ப்யூட்டருக்குள்ள எவ்ளோ போகுதுங்கறது வேறக்கா. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு காலையிலேர்ந்து மாரடிச்சிருக்கேன்.

— நல்லா மாரடிச்சீங்க. பஸ் ஓட்டறவர் கையில இந்தக் கண்றாவியைக் குடுத்தது யாரு?

— வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். போன்ல பதிஞ்சா தெளிவு பத்தாதுன்னுட்டாங்க. சிவப்பைத் தொட்டா குரல் உடைஞ்சிடும், ரொம்பக் கீழ போனா இரைச்சல்தான் மிஞ்சும். நடுவுல நிக்கணும்.

— நடுவுல நிக்கறதுதான் எனக்கு வராதே. என் தங்கச்சியைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாளே... சரி, விடுங்க. எந்திரிச்சுட்டாளா?

— இல்லக்கா, மாத்திரை போட்டிருக்கா. உள்ள தூங்கறா. அவ எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிடலாம். இப்ப அவ டைப் பண்ணினா போன்ல ஒரு குரல் பேசுது பாருங்க, யாரோ டிக்கெட் கவுன்ட்டர் அம்மா மாதிரி. நம்ம பாப்பா காதைப் பொத்திக்கிட்டு ஓடுறா.

— அழாதீங்க மாப்ளே.

— அழல. அந்த போன் குரலைக் கூடப் பிறந்தவங்க குரல்ல செஞ்சா கிட்டத்தட்ட அவ குரலாவே இருக்கும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன். மைக்கை இப்ப சரியா வெச்சிருக்கேன். அடுத்தது படிங்க.

— விளக்கை அணைச்சிடு.

— பச்சை! அப்படியே போங்க.

— பாப்பா, இங்க வா. பால் ஆறிடுச்சு. யார் போன்ல?

— அருமை. பச்சையில கடைசிக் கட்டத்தைத் தொட்டுட்டு இறங்குது. போங்க.

— நான் நல்லா இருக்கேன்.

— சிவப்பு. இன்னொரு தடவை.

— நான் நல்லா இருக்கேன்.

— சிவப்பு. கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா.

— நான் நல்லா இருக்கேன்!

— மைக்கைக் குறைச்சும் இடிக்குதே. மத்ததெல்லாம் ஒழுங்கா வந்துச்சு, இதுல மட்டும் என்ன?

— என்னவா? வாராவாரம் போன் பண்ணுவேன். என்னடி, தொண்டை கரகரங்குதுன்னு கேப்பேன். சளிக்கா, நான் நல்லா இருக்கேம்பா. இந்த வார்த்தைதான். இதே வார்த்தைதான்! குரல்வளையை அறுத்து எடுத்தப்புறம் எனக்குச் செய்தி வருது. அதுவும் நீங்க அனுப்பினது.

— நீங்க லீவு போட்டா வேலை போயிடும்னு அவ பயந்துட்டா அக்கா.

— போனா போகட்டும்னு ஒரு வார்த்தை சொல்ல என்னை விட்டாளா?

— அக்கா, மீட்டரு...

— தூக்கிக் குப்பையில போடுங்க உங்க மீட்டரை! அவ கடைசியா பேசினதை நான் கேக்கவே இல்ல மாப்ளே. சளின்னு நெனச்சு, அப்புறம் பேசறேன்னு நான்தான் போனை வெச்சேன்.

— தண்ணி குடிங்க. இந்த ஒண்ணை விட்டுடலாம்.

— விட்டா அந்த மெஷின் இதைச் சொல்லாதா?

— சொல்லும். நீங்க படிச்ச மத்ததை வெச்சு அதுவே கோத்துக்கும்.

— அப்ப இனிமே என் குரல்லயே என்கிட்ட நல்லா இருக்கேம்பா.

— அவ எதை டைப் பண்றாளோ அதைத்தான்க்கா அது பேசும்.

— ஒரு முழு வாக்கியத்தை அப்படியே பதிஞ்சு ஒரு பட்டன்ல வெக்க முடியுமா? டைப் பண்ணவே வேணாம். தட்டினா பேசணும்.

— வெக்கலாம். பாப்பாவைக் கூப்பிடறதுக்கு அப்படி ஒண்ணு வெச்சிருக்கோம்.

— அப்ப என்னைக் கூப்பிடறதுக்கும் ஒண்ணு வைங்க. நான் இப்ப சொல்லப் போறதை அவ கையால எழுத மாட்டா, எனக்குத் தெரியும். குமிழைத் தொடாதீங்க. ஓடுதா?

— ஓடுது. சொல்லுங்க.

— அக்கா... எனக்கு வலிக்குதுக்கா. வேலையெல்லாம் போட்டுட்டுக் கிளம்பி வா.