நனைத்தால் சாயம் போகும்

உல்லன் நூலில் சிவப்புச் சாயம்தான் முதலில் போகும். அதனால் நான் பின்னிய சால்வையை யாருக்குக் கொடுத்தாலும், "நனைக்காதே, உதறி மடித்து வை" என்று சொல்லித்தான் கொடுப்பேன். சண்முகசுந்தரியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் வீட்டுக்கு அம்மை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள், சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்கிறேன்.

கொக்கி ஊசி பிடிக்க மிஷன் பள்ளியில் கற்றேன். முகமெல்லாம் அம்மைத் தழும்பாக இருந்த என் பக்கத்தில், பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஒரே பெண் சுந்தரி. ஐம்பதாம் வருஷம் கலியாணமாகிக் குற்றாலத்துப் பெரிய வீட்டுக்குப் போனாள். நான் தென்காசியிலேயே தையல் டீச்சராக இருந்துவிட்டேன். சாரல் தொடங்குமுன் என் தோழிகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சால்வை போகும். சுந்தரியுடையதில் மட்டும் ஆறு நிறங்கள் இருக்கும். பதினொரு வருஷம் கொடுத்தேன். உன் சால்வை இல்லாமல் எனக்குக் குளிர் அடங்குவதில்லை என்று ஒவ்வொரு முறையும் கடிதம் எழுதுவாள். அந்தக் கடிதங்களை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

போன ஐப்பசியில் குற்றாலம் போனேன். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் பேச்சிமுத்து, என் ஆறு நிறச் சால்வையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"பெரிய வீட்டம்மா குடுத்தாவ, டீச்சர். வருசம் ஒண்ணு குடுப்பாவ. எண்ணெய நல்லா இழுக்கும்."

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கேட்பதற்காகத்தான் போனேன். உள்ளே அவளும் நாத்தனாரும் பேசிக்கொண்டிருந்தது வாசலிலேயே கேட்டது.

"அடுத்த சால்வை எப்ப வரும்னு பேச்சிமுத்து கேக்கான், மதினி."

"வரும், வரும். அவளுக்கு வேற என்ன சோலி? நாம பிள்ளையப் பெறுதோம், அவ நூலப் பெத்துப் போடுதா."

சுந்தரிக்கு அப்போது ஏழு மாதம். தலைச்சன். நான் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன். தை மாதம் பெண் குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்தது.

மாசியில் எங்கள் தெருவில் தாணுமாலயன் மனைவிக்கு அம்மை போட்டது. ஒருமுறை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது என்பதால், யாருக்கு அம்மை என்றாலும் என்னைத்தான் அழைப்பார்கள். வேப்பிலையால் வருடிவிடுவேன், இளநீர் கொடுப்பேன். அம்மை வீட்டுக்குள் நூலைக் கொண்டுபோவது என் வழக்கமில்லை. இந்த முறை கொண்டுபோனேன். அவளுக்குக் குளிர் நடுக்கம் இருந்தது. பின்னி முடித்ததை அவள் மேல் போட்டேன். பொருக்கு உதிரும்வரை அங்கேயே கிடந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள் பாயையும் துணிகளையும் எரித்தார்கள். சால்வையை நான் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

சுந்தரிக்கு ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். போன வருஷம்தான் அந்த வீட்டில் எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். குழந்தைக்கு இன்னும் குத்தவில்லை.

பங்குனியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள்.

"ஏட்டி சுகிர்தம், என்னட்டி இத்துனூண்டு? எனக்குத் தோளுக்கே காணாதே. எம் பிள்ளைக்குல்லா சரியா இருக்கும்."

நூல் போதவில்லை என்றேன். நனைக்காதே, சாயம் போகும் என்றும் சொன்னேன்.

பதின்மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. என்னைத்தான் அழைத்தார்கள். ஆறு நாள் அருகிலேயே இருந்து வேப்பிலையால் வருடினேன். "இதப் போத்துனாத்தான் தூங்குதா, எடுத்தா அழுதா" என்று சுந்தரி சொன்னாள். ஏழாம் நாள் அழவில்லை.

தெரிந்தே செய்தேனா என்கிறீர்கள். தெரிந்தேதான் செய்தேன். நூல் போதவில்லை என்பதும் பொய்; வீட்டில் இன்னும் நான்கு உருண்டை இருக்கிறது. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் அவள் அதைப் பேச்சிமுத்துவிடம் கொடுத்திருந்தால், அந்த வீட்டில் ஒன்றும் நடந்திருக்காது. முதல் தடவையாக நான் கொடுத்ததை அவள் வைத்துக்கொண்டாள். குழந்தையை எடுத்துப் போனபோது வேறு யாரையும் அவள் பக்கத்தில் வரவிடவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். பழையபடி ஆகிவிட்டோம். அவள் மேல் எனக்கு இப்போது எந்த வருத்தமும் இல்லை.